திங்கட்கிழமை அட்டைகள்

லாண்டரியில் அவனுக்கு அகராதி என்று பெயர். வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. இங்கிலீஷ் சொற்களை மூட்டை மூட்டையாகச் சேர்க்கிறான் என்பதற்காகப் பாதி, அதை எடுத்துவிடும்போது மூக்கு ஒரு விரற்கடை மேலே போகிறதே, அதற்காக மீதி. அவனுக்கு அந்தப் பெயரில் வருத்தம் ஒன்றுமில்லை. "அகராதி, கொஞ்சம் இங்க வா" என்று யாராவது கூப்பிட்டால் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போவான்.

இங்கிலீஷுக்கு ஆசைப்பட்டதில் தப்பு சொல்ல முடியாது. பதினான்கு வருஷம் அந்த ஆவியிலும் ப்ளீச்சிங் நெடியிலும் நின்றவன். ஆஸ்பத்திரி விரிப்பு, ஹோட்டல் விரிப்பு, சட்டை என்று நாளொன்றுக்கு நாலாயிரம் உருப்படி. கீழே சலவை, மேலே இஸ்திரியும் மடிப்பும். இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இரும வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டான். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வேற வேலை பாருங்க, இல்லேன்னா நெஞ்சு தாங்காது" என்று சொல்லிவிட்டார். வேற வேலை என்றால் அதற்கும் மேலே மாடியில் ஆபீஸ்தான். அங்கே ஜன்னல் உண்டு. ஹோட்டல்காரர்கள் அனுப்பும் புகார்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுத ஓர் ஆள் வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெஸ்ட் எழுதினான், தேறவில்லை. மேனேஜர் பேப்பரைத் திருப்பிக் கொடுத்து, "கிராமர் பரவால்லய்யா. ஆனா வொகாபுலரி பத்தாது. பள்ளிக்கூடப் பையன் எழுதின மாதிரி இருக்கு" என்றார். அந்த ஒரு பேச்சு முள்ளாகத் தைத்துவிட்டது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அட்டை. சட்டை மடிக்கும்போது உள்ளே விறைப்பாக நிற்க ஒரு வெள்ளை அட்டை வைப்பார்கள் அல்லவா, அதில் மூலை மடங்கிப் போனதையெல்லாம் வீட்டுக்கு எடுத்து வருவான். கத்தரித்து, முன்பக்கம் இங்கிலீஷ் சொல், பின்பக்கம் தமிழில் அர்த்தம், ஓரத்தில் கிழமை. ஒரு நாளைக்கு ஐந்து அட்டை. ரப்பர் பேண்டு போட்டு, கிழமைவாரியாகப் பழைய பிஸ்கட் டின்னில் அடுக்கி வைப்பான். அவனே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்றும் இருந்தது. காலையில் படித்த ஐந்தையும் அன்று பொழுது சாய்வதற்குள் வேலையில் எங்கேயாவது பயன்படுத்திவிட வேண்டும். பயன்படுத்தாத சொல் ஒட்டாது என்று எங்கேயோ படித்திருந்தான். யாரும் அகப்படாத நாளில் இஸ்திரி மெஷினிடமாவது சொல்லிவிட்டுத்தான் வருவான்.

அட்டையைப் பிடிப்பது அவன் மனைவி. படிப்பு எட்டாவதோடு சரி. ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. காலையில் அவன் ஷூ மாட்டும்போது எதிரே உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி ஒவ்வொரு சொல்லாகக் கேட்பாள். அவன் அர்த்தம் சொல்வான். தப்பினால் அட்டையாலேயே முழங்காலில் ஒரு தட்டு.

"இந்த வார்த்தையெல்லாம் யார்கிட்டங்க பேசுவாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பெரிய மனுசங்ககிட்ட."

"நமக்குத்தான் ஒருத்தரையும் தெரியாதே."

"தெரிஞ்சுக்கத்தான் படிக்கிறேன்" என்றான். அவள் சிரித்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தாள்.

அவள் தம்பியும் அதே லாண்டரிதான். கீழே சலவைப் பிரிவு. ஒல்லியாக இருப்பதால் துரும்பு. அப்பா அம்மா போனபின் அக்காதான் அவனை வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது கையில் ஒரு பெட்டி, இடுப்பில் துரும்பு என்று வந்தவள் அவள் என்று சொந்தத்தில் கேலி செய்வார்கள். இப்போது அவனுக்கு இருபத்தாறு. அடுத்த தெருவில் அறை எடுத்திருந்தான், சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில். மாமா எந்த இங்கிலீஷ் சொல்லை எடுத்துவிட்டாலும் கண்ணை அகல விரித்து, "மாமா, சான்ஸே இல்ல!" என்பான். புரிந்துதான் சொல்கிறானா என்று அகராதி ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் பழுது நோட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மேல்தளத்தில் இஸ்திரி மெஷின் பக்கத்தில் ஆணியில் சணல் கயிறு கட்டித் தொங்கும் நீளமான நோட்டு அது. எந்த மெஷின் கெட்டாலும் அதில் எழுத வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் வெளிக் கம்பெனியிலிருந்து மெக்கானிக் வருவான். அவன் வேறு தேசத்து ஆள், அவன் பாஷை இங்கே யாருக்கும் தெரியாது, நம் பாஷை அவனுக்குத் தெரியாது. நடுவே இருந்தது இங்கிலீஷ். அதிலும் அவனுக்குத் தெரிந்தது ஒரு நாற்பது சொல் இருக்கும். பெல்ட், லீக், ஹாட், லிஃப்ட், டோர், பிரேக், டேஞ்சர். நோட்டின் மேல் விரலை வைத்து, இந்தச் சொற்களைத் தேடிக்கொண்டே கீழே வருவான். கிடைத்தால் அந்த மெஷினுக்குப் போய், ரிப்பேர் பார்த்து, பக்கத்தில் ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். முன்னே நோட்டு எழுதிக்கொண்டிருந்த கிழவர், "பெல்ட் கட்" என்று எழுதிப் பக்கத்தில் அறுந்த பெல்ட்டைப் படமும் போட்டுவிடுவார். அவர் ஓய்வு பெற்றதும் எழுதும் பொறுப்பு அகராதிக்கு வந்தது. முதல் வேலையாகப் படம் போடுவதை நிறுத்தினான்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மேல்தளத்து லிஃப்ட் கதவு மக்கர் பண்ணியது. சாமான் லிஃப்ட்தான், தள்ளுவண்டி ஏற்றி இறக்க. லிஃப்ட் மேலே வந்து நின்றால்தான் கதவு திறக்க வேண்டும். அன்றைக்கு லிஃப்ட் கீழே நிற்கும்போதே கைவைத்ததும் திறந்துகொண்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டுப் பள்ளம், அடியில் லிஃப்டின் தலை. பார்த்தவன் அகராதிதான். உடனே ஒரு கிழிந்த விரிப்பை நீளமாகக் கிழித்துக் கதவுப் பிடியைக் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். அங்கே அதுதான் வழக்கம். பழுதான எதற்கும் துணிக்கட்டு, மெக்கானிக் ஓகே போட்டபிறகு அவிழ்ப்பு. அதுவரைக்கும் அவன் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது.

பிறகு நோட்டை எடுத்தான். எடுத்ததும் ஞாபகம் வந்தது, காலையில் படித்த ஐந்தில் ஒன்றைக்கூட இன்னும் பயன்படுத்தவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு பத்து நிமிஷம் யோசித்தான். எழுதினான். அதை அப்படியே அதன் மிடுக்கு குறையாமல் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "மேற்றளத்துச் செங்குத்து ஊர்தியின் நுழைவாயிலானது மனம்போன போக்கில் திறந்துகொள்ளும் நாட்டத்தை வெளிக்காட்டுகின்றது. இந்நிலையற்ற தன்மையைச் சீர்மைப்படுத்தல் பெரிதும் வரவேற்கத்தக்கது." ஐந்தும் அடங்கிவிட்டன. ஒரு தடவை படித்தான், இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தான். தலைகால் புரியவில்லை அவனுக்கு.

சாயங்காலம் வீட்டில் சொன்னான். "அஞ்சும் ஒரே மூச்சுல முடிஞ்சுபோச்சு."

"அஞ்சுமா!" என்று அவன் மனைவி கையைத் தட்டினாள். துரும்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயில் சோற்றோடு, "எதைப் பத்தி மாமா எழுதினீங்க?" என்று கேட்டான்.

"எல்லாம் லாண்டரி விஷயந்தான். சொன்னா உனக்குப் புரியவா போகுது? சாப்பிடுறா மச்சான்."

"மாமா சீக்கிரமே மேல போயிடுவார் பாருக்கா" என்றான் துரும்பு. ஆபீஸைத்தான் சொன்னான். மூவரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வந்தான். விரல் நோட்டில் இறங்கியது, நின்றது, மறுபடி மேலே போய் இறங்கியது. அவனுக்குத் தெரிந்த நாற்பதில் ஒன்றுகூட அந்த வரிகளில் இல்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு அகராதியிடம் வந்தான். "வாட்?" என்றான்.

அகராதி என்ன செய்திருக்க வேண்டும்? கையை நீட்டி லிஃப்டைக் காட்டியிருந்தால் போதும். பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் மடிப்பு மேஜையில் எட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதியதையே நிறுத்தி நிதானமாக, உச்சரிப்பு பிசகாமல் வாசித்துக் காட்டினான். மெக்கானிக் அவன் வாயையே பார்த்தான். சுற்றி நின்ற எட்டுப் பேரையும் பார்த்தான். காதோரம் சிவந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் எனக்குப் புரியவில்லை என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை, பாவம். மெல்லத் தலையாட்டினான். "யெஸ். யெஸ்." பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

போனவன் குத்துமதிப்பாக இஸ்திரி உருளையின் சங்கிலிக்குக் கிரீஸ் போட்டான். இரண்டு போல்ட்டை இறுக்கினான். லிஃப்ட் கதவில் கட்டியிருந்த துணி அவன் கண்ணில் படவே செய்தது, ஆனால் அந்த லாண்டரியில் கிழிந்த துணி கட்டாத இடம் ஏது? குழாயில் துணி, வண்டிப் பிடியில் துணி, நாற்காலிக் காலில் துணி. நோட்டில் ஓகே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஷிப்டு முடியும் நேரம் அகராதி நோட்டைப் பார்த்தான். ஓகே. கையெழுத்து. ஒரு தடவை கதவைத் தள்ளிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. கத்தரியை எடுத்துத் துணிக்கட்டை அறுத்துக் குப்பைக் கூடையில் போட்டான்.

புதன்கிழமை மேலே ஒருவன் லீவு. கீழேயிருந்து துரும்பை அனுப்பினார்கள். தள்ளுவண்டியை எல்லோரும் பின்புறமாக நடந்துதான் இழுப்பார்கள், அப்படி இழுத்தால்தான் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கும். இடுப்பால் லிஃப்ட் கதவைத் தள்ளித் திறப்பதும் எல்லோரும் செய்வதுதான். துரும்பு மடிப்பு மேஜைப் பக்கம் பார்த்து என்னவோ கிண்டல் சொல்லிச் சிரித்துக்கொண்டே பின்னால் நடந்தான். கதவு திறந்தது. லிஃப்ட் கீழே இருந்தது. அவன் மேல் வண்டியும் விழுந்தது.

அகராதிதான் முதலில் ஓடினான். கீழே போய், வண்டியை நாலு பேர் சேர்ந்து தூக்கி, அவனை வெளியே எடுத்தபோது கண் திறந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அங்கே அவனைப் போர்த்திய வெள்ளைத் துணியின் ஓரத்தில் லாண்டரி முத்திரை இருந்தது.

எல்லாக் காரியமும் முடிந்த மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார், உட்காரச் சொன்னார். பதினான்கு வருஷத்தில் அந்த அறையில் அவன் உட்கார்ந்ததில்லை.

"உன் மச்சானாமே. மனசைத் தேத்திக்கய்யா" என்றவர் பழுது நோட்டைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார். "ஆனா நீ எழுதி வச்சிருக்க பாரு, பிரமாதம். நம்ம வக்கீலே படிச்சுட்டு, யாருய்யா இந்த ஆளுன்னு கேட்டார். கம்பெனி முன்கூட்டியே எச்சரிச்சிருக்கு, எழுத்துல இருக்கு. மெக்கானிக் ஓகே போட்டிருக்கான், கையெழுத்தும் இருக்கு. இனிமே அது அவன் பாடு. நம்ம மேல துளி பழி கிடையாது."

அகராதி நோட்டில் தன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு விசாரணை. உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. எழுதினது அவனுக்குப் புரிஞ்சுதான்னு. புரிஞ்சுது, தலையாட்டினான்னு சொல்லிடு. பொய் சொல்லச் சொல்லலையே? ஆட்டினான்ல?"

"ஆட்டினான் சார்."

"அவ்வளவுதான். அடுத்த வாரத்துலேர்ந்து மாடிக்கு வந்துடு. டெஸ்ட்டெல்லாம் வேணாம். இதைவிட என்ன டெஸ்ட்?" பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். "வீட்டுல ஒருதரம் பாத்துக்க."

மாடிப் படியில் இறங்கும்போது ஜன்னல் வழியே காற்று வந்தது. நெஞ்சு நிறைய இழுக்க முடிந்தது அவனால். இழுத்ததற்காகத் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

வீட்டில் அவன் மனைவி தம்பியின் சட்டைகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. உள்ளே வந்த கணவனின் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்து, "என்னங்க அது?" என்றாள்.

"லிஃப்ட் கெட்டுப்போனதைப் பத்தி நோட்டுல எழுதினது."

"நீங்க எழுதினதா? முன்னாடியே எழுதினீங்களா?" அவள் குரலில் ஒரு நிம்மதி வந்தது. அதைக் கேட்க அவனால் முடியவில்லை. "பாருங்க, நீங்க சொல்லித்தான் இருக்கீங்க. அந்தப் பாவிதான் கவனிக்கல. குடுங்க, பாக்கறேன்."

வாங்கி எழுத்துக் கூட்டினாள். உதடு மெதுவாக அசைந்தது. ஓர் இடத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி நின்றது. எழுந்து போய் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். திங்கள் கட்டைத் தேடி ரப்பர் பேண்டைக் கழற்றினாள். ஐந்து அட்டைகளையும் தாளின் மேல், அந்தந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். ஐந்தும் உட்கார்ந்துகொண்டன.

"அன்னிக்கு முடிச்சுட்டேன்னு சொன்னது இதைத்தானா?"

அவன் தலை குனிந்தான்.

அவள் முதல் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள், தினமும் காலையில் பிடிக்கிற மாதிரியே. "எவின்ஸ்" என்றாள்.

"வேணாம்மா."

"சொல்லுங்க. எவின்ஸ்."

"வெளிக்காட்டறது."

"கப்ரீஷியஸ்."

"மனம்போன போக்குல நடக்கறது."

"ப்ரொபென்சிட்டி."

"நாட்டம்."

"ஆமீலியரேட்."

"சீர்படுத்தறது."

கடைசி அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். "ப்ரிகேரியஸ்."

"எந்த நிமிஷமும் விழுந்துடலாம்னு இருக்கறது."

"விழுந்துட்டான்" என்றாள்.

அட்டைகளை ஒன்றாகச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டாள். அப்புறம் அவளே கேட்டாள். "லிஃப்ட் கதவு சரியில்லேன்னு அந்த ஆளுக்குச் சொல்ல எத்தனை வார்த்தை வேணும்?"

"மூணு."

"அந்த மூணும் எனக்கே தெரியுமேங்க. எட்டாவது படிச்ச எனக்கே தெரியும். நான் எழுதியிருந்தா எந்தம்பி இருந்திருப்பான்." வாயைப் பொத்திக்கொண்டாள். "நானுந்தானே அட்டை பிடிச்சேன். கையைத் தட்டினேனே, பாவி."

அவன் அவள் பக்கம் நகர்ந்தான். அவள் சட்டைகளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவன் ஷூ மாட்டும்போது எதிரே யாரும் உட்காரவில்லை.

விசாரணை ஆபீஸ் மாடியில்தான் நடந்தது. தொழிலாளர் இலாகா அதிகாரி ஓர் அம்மா. பக்கத்தில் மேனேஜர், வக்கீல். மூலையில் மெக்கானிக், தொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவன் பாஷை தெரிந்த ஆளை யாரும் கூட்டிவரவில்லை. யார் பேசினாலும் அவர்கள் முகத்தையே மாறி மாறிப் பார்த்தான். ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"இதை எழுதினது நீங்கதானே?" என்றார் அதிகாரி அம்மா.

"ஆமாங்க."

"இவருக்குப் புரிஞ்சுதா?"

மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அகராதி அவரைப் பார்த்தான். அவருக்குப் பின்னால் ஜன்னல், அதன் கீழே காலியாக ஒரு மேஜை.

"தலையாட்டினார்" என்றான்.

மேனேஜர் மூச்சு விட்டார். அதிகாரி அம்மா எழுதத் தொடங்கினார்.

"புரியலைங்க" என்றான் அகராதி. "தலைதான் ஆட்டினார். புரியலை. புரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஊர் மெச்சணும்னு எழுதினேன்."

"யோவ்!" என்றார் மேனேஜர்.

அதிகாரி அம்மா கையைக் காட்டி அவரை அடக்கினார். "அப்ப இதுல என்னதான் எழுதியிருக்கீங்க? சாதாரணமா சொல்லுங்க."

அவன் அவருக்குச் சொல்லவில்லை. மூலைப் பக்கம் திரும்பினான். இரண்டு வருஷமாகச் சேர்த்த மூவாயிரத்துச் சொச்சம் சொற்களைத் தாண்டி, பழைய சொற்களைத் தேடி எடுப்பது போலிருந்தது. "லிஃப்ட் டோர்" என்றான். "டேஞ்சர்."

மெக்கானிக் தலையை நிமிர்த்தினான். இத்தனை நேரத்தில் அந்த அறையில் அவனுக்கு விளங்கிய முதல் பேச்சு அது. "லிஃப்ட்?" என்றான். எழுந்தான், தொப்பி கீழே விழுந்தது. மேஜைக்கு வந்து நோட்டைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து வரியின் மேல் ஓட்டினான். மேலே போனான், மறுபடி வந்தான். விரல் நகத்தில் கிரீஸ் கறுப்பு. "வேர் லிஃப்ட்?" என்று கேட்டான். "மிஸ்டர், வேர்? வேர் லிஃப்ட்?"

அகராதி குனிந்து அவன் விரலைப் பிடித்தான். அதை நகர்த்திக்கொண்டு போய், செங்குத்து ஊர்தி என்று தான் இங்கிலீஷில் அழகாகச் சுழித்து எழுதியிருந்த இடத்தில் வைத்தான்.

"திஸ்" என்றான்.